கடற்காகம் திட்டாத ஆள்

அறுபதே வீடுள்ள அந்தத் தீவில், யார் நடத்துவதென்று தெரியாத ‘கடற்காகம்’ என்ற பேஸ்புக் பக்கம் எல்லாருடைய மானத்தையும் வாங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருந்த சனத்தின் முன்னால், மீனவர் சங்கத் தலைவர் சவிரிமுத்து, சின்னக் கடை வைத்து ஊராரின் போனுக்கு ரீலோட் காசு ஏற்றிக்கொடுக்கும் செபமலரைப் பிடித்துக்கொண்டார். “எல்லாற்ற போனும் உன்ர கையிலதான் வந்துபோகுது. படகு வாறதுக்குள்ள அது ஆரெண்டு சொல்லு. இல்லாட்டி நீதான்! கடையைப் பூட்டிப்போட்டு அந்தப் படகிலயே ஏறு!”

“அதைத்தான் ஐயா நானும் யோசிக்கிறன்,” என்றாள் செபமலர். “பங்குச் சுவாமியைக்கூட அது விடேல்லை. உங்களைப் பற்றி மட்டும் ஒரு சொல் எழுதேல்லை. சனம் ஒருமாதிரிக் கதைக்குது.”

தலைவரின் முகம் கறுத்தது. “இந்தா வாறன்” என்று ஐஸ் அறைக்குப் பின்னால் போனார். ஐந்து நிமிடத்தில் எல்லார் போனும் கீச்சிட்டன. கடற்காகத்தில் புதுப் பதிவு:

‘தலைவர் சவிரிமுத்துவிடம் ஒரு பெரிய குறை உண்டு. அளவுக்கு மிஞ்சின இரக்கம். ஊருக்கு உழைத்தே உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்.’

திரும்பி வந்தவர், “பாத்தியா, என்னையும் திட்டிப்போட்டான்!” என்றார்.

“ஓம் ஐயா. இவ்வளவு அன்பாத் திட்ட உங்கட வீட்டுக்காரியாலயும் ஏலாது.”

முதலில் சிரித்தது, சனத்துக்குள் நின்ற அந்த வீட்டுக்காரிதான். படகு வந்ததும் முதல் ஆளாக ஏறியவர் தலைவர்.