இஞ்சின் சூடு பண்ணப் போனவர்கள்

பழநி மலையில் எங்கள் ஊருக்கு மேலே ஏழு வளைவு ஏறினால் குளிரோடை. அந்த ஊர்க்காரர்கள் ரொம்ப நல்லவர்கள். ஒருத்தர் ஒன்று சொன்னால் சொன்னபடியே செய்வார்கள், அதில் ஒரு துளி தங்கள் புத்தியைக் கலக்க மாட்டார்கள். கலப்படம் இல்லாத மனுஷர்கள் என்று நான் எப்போதும் சொல்வேன்.

அந்த ஊர்க் குழந்தைவேலுவுக்கு வயது முப்பத்தொன்பது. கேரட் தோட்டம் இருக்கிறது, சொந்த வீடு இருக்கிறது, கல்யாணம்தான் ஆகவில்லை. அதற்குக் காரணம் அவன் ஜாதகமும் இல்லை, மூஞ்சியும் இல்லை. கார்.

அவன் கூட்டாளி நாகமுத்துவிடம் ஒரு பழைய வெள்ளை டீசல் கார் இருந்தது. மார்கழிக் குளிரில் அது காலையில் கிளம்பாது. டீசல் இஞ்சின் குளிர்ந்து கிடந்தால் உள்ளே கொஞ்சம் சூடு காட்டினால்தான் பற்றும். அந்தச் சூட்டைக் காட்டுவதற்கு சிலிண்டருக்கு ஒன்றாக விரல் நீளத்தில் நாலு ஹீட்டர் பிளக் உண்டு. அவை வயதாகிப் போயிருந்தன. பெண் வீட்டார் காலையில் வரச் சொல்வார்கள், இவர்கள் சாயங்காலம் போய் இறங்குவார்கள். மூன்று சம்பந்தம் இப்படியே கைநழுவிப் போனது. குழந்தைவேலுவின் அக்கா வெறுத்துப்போய், இனி நான் வரவில்லை, முடித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று ஒதுங்கிவிட்டாள்.

நாலாவது இடம் வத்தலக்குண்டில் வந்தது. பெண் பெயர் பூங்கோதை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் வந்துவிட வேண்டும் என்று தரகர் சுந்தரலிங்கம் கறாராகச் சொல்லிவிட்டார். பூங்கோதையின் போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குழந்தைவேலு ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. இதுவும் போனால் நான் கேரட்டைத்தான் கட்டிக்கிட்டு அழணும் என்று எல்லோரிடமும் சொன்னான். பார்க்கப் பாவமாக இருந்தது.

தாய்மாமன் பெரியண்ணன் பொறுப்பை எடுத்துக்கொண்டார். வியாழக்கிழமை மெக்கானிக் ஜபருல்லா பாய்க்குப் போன் போட்டார். பாய் நாலு புது பிளக்கை பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டு, செய்முறையை நிதானமாகச் சொன்னார். குழந்தைவேலுவின் சித்தப்பா மகன் சடையன் அதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினான். முதலில் டெஸ்ட் லாம்பை வைத்து ஒவ்வொரு பிளக்காகப் பார். பல்பு எரிந்தால் பிளக் நல்லது, எரியாவிட்டால் போச்சு. பிறகு வண்டியை இறக்கத்தில் தள்ளி ஸ்டார்ட் செய். இஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டு, குளிர்ந்து கிடக்கும்போது கழற்றினால் பிளக் உள்ளேயே முறிந்துவிடும். சூடானதும் வீட்டுக்கு வந்து பழசைக் கழற்றிப் புதுசை மாட்டு. அப்புறம் பெண் பார்க்கப் போ. இந்த வரிசை மட்டும் மாறவே கூடாது என்றார் பாய். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு பானெட்டைத் திறந்தார்கள். சடையன் பல்பைப் பிடித்தான். முதல் பிளக்கில் எரிந்தது. இரண்டாவதிலும் எரிந்தது. மூன்றிலும் நாலிலும் எரியவில்லை. நாலு பேரும் சுற்றி நின்று யோசித்தார்கள்.

“ரெண்டு நல்லா இருக்கு. போறதுக்கு ரெண்டு போதும். திரும்பி வர்றதுக்குத்தான் ரெண்டு வேணும்” என்றான் நாகமுத்து.

“பொண்ணு பிடிக்கலைன்னா?” என்று சடையன் கேட்டான்.

“அப்பவும் திரும்பித்தானேடா வரணும்” என்றார் பெரியண்ணன்.

அது நியாயமாகப் பட்டதால் நாலையும் மாற்றுவது என்று முடிவானது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையும் சேர்ந்து தள்ளினான். மூன்றாவது வளைவில் வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. பழத்தட்டு, பூ எல்லாம் பின் சீட்டில் இருந்தன. புது பிளக்கும் ஸ்பேனரும் வீட்டில் பத்திரமாக இருந்தன. வீட்டுக்கு வந்து மாட்டு என்றுதானே பாய் சொல்லியிருக்கிறார்.

இறக்கத்தில் இஞ்சினுக்கு என்ன வேலை? உருண்டுகொண்டே போனது. மைலுக்கு ஒருமுறை நிறுத்தி, பெரியண்ணன் இறங்கி பானெட்டில் கைவைத்துப் பார்ப்பார். இன்னும் ஜில்லென்றுதான் இருக்கு, ஓட்டு என்பார். மலைக்காற்று அடிக்கிற அடியில் அது எப்படிச் சுடும். பெருமாள் மலை போனது, ஆரஞ்சுத் தோட்டங்கள் போயின, அடிவாரச் செக்போஸ்ட்டும் போனது. சமவெளி வந்து வெயில் ஏறின பிறகுதான் பெரியண்ணன் கையைச் சட்டென்று எடுத்து ஊதிக்கொண்டார். சூடாயிருச்சு, வண்டியைத் திருப்பு என்றார்.

திருப்ப இடம் வேண்டுமே. ரோடு குறுகல். கொஞ்ச தூரம் போனதும் வத்தலக்குண்டில் ஒரு வீட்டு முன்னால் நல்ல அகலமான இடம் கிடைத்தது. வாசலில் மாக்கோலம், வாழைக்கன்று. வேட்டி சட்டையில் ஒருத்தர் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். ஜன்னலுக்குப் பின்னால் மாம்பழ நிறப் புடவையில் பூங்கோதை நின்றாள். மணி ஒன்பது.

நாகமுத்து முன்னே ஒருதரம், பின்னே ஒருதரம், மறுபடி முன்னே ஒருதரம் என்று அந்த வாசலிலேயே வண்டியைத் திருப்பினான். குழந்தைவேலு பையிலிருந்த போட்டோவையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தான்.

“மாமா, பொண்ணு அங்கதான் நிக்குது. இறங்கிரலாமே” என்றான்.

“இப்ப நாம பொண்ணு பாக்கவா வந்தோம்? இஞ்சின் சூடு பண்ண வந்திருக்கோம். வரிசை மாறக் கூடாதுன்னு பாய் சொல்லியிருக்காரு. ஆறிப்போறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும், பேசாம உக்காரு.”

குழந்தைவேலு பெரியவர்கள் பேச்சைத் தட்டாதவன். ஜன்னலைப் பார்த்துக் கைகூப்பிக் கும்பிட்டான். மற்ற மூவரும் மரியாதைக்குக் கும்பிட்டார்கள். சந்தனக் கிண்ணக்காரரும் ஒன்றும் புரியாமல் கும்பிட்டார். வண்டி மலையைப் பார்த்துப் போய்விட்டது.

பதினொன்றரைக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். ஏற்றத்தில் இஞ்சின் கொதித்துக் கிடந்தது. கையைச் சுட்டுக்கொண்டு நாலு பழைய பிளக்கையும் கழற்றினார்கள், ஒன்றுகூட முறியவில்லை. பாயின் புத்தியே புத்தி என்று பெரியண்ணன் மனசாரப் பாராட்டினார். புதுசை மாட்டிச் சாவியைப் போட்டதும் வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. நாலு பேரும் வேட்டியை உதறிக் கட்டி, திருநீறு பூசிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்கள். அப்போது தரகரின் போன் வந்தது.

பெண் சொல்லிவிட்டதாம். இதுவரை வந்தவர்கள் எல்லாம் பஜ்ஜி தின்றுவிட்டு, பாடச் சொல்லிவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று போனார்களாம். காலை ஒன்பது மணிக்கு வெள்ளைக் காரில் வந்த மாப்பிள்ளை வீட்டுக்குள்கூட வராமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாராம். கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று பூங்கோதை உறுதியாக நிற்கிறாளாம். தை பத்தாம் தேதி காலை எட்டு மணிக்கு முகூர்த்தம், கோயில் மண்டபத்துக்கு நேரத்தோடு வந்துவிடுங்கள்.

“நாங்க இன்னும் கிளம்பவே இல்லையேங்க” என்றார் பெரியண்ணன். அதற்குள் டவர் போய்விட்டது.

குழந்தைவேலு பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதான்.

“ஒன்பது மணிக்கு நாம அங்கதான இருந்தோம். வேற வெள்ளைக் காரு எதுவும் வரலையே” என்றான் நாகமுத்து.

“நாம திரும்பிப் போகட்டும்னு ஒளிஞ்சு நின்னுருப்பான்” என்றான் சடையன்.

இருந்தாலும் தரகர் நல்ல மனுஷன், பெண் கிடைக்காவிட்டாலும் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார் என்றார் பெரியண்ணன். போகாமல் இருந்தால் பொறாமை என்பார்கள். குழந்தைவேலுவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஆள் மூஞ்சியை ஒருதடவை பார்க்கணும் என்றான்.

தை பத்தாம் தேதி வண்டி ஒரே திருப்பில் கிளம்பி, ஏழு மணிக்கே மண்டபத்தில் நின்றது. குழந்தைவேலு ஒரு குக்கரைப் பொட்டலம் கட்டி மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தான். எட்டு மணிக்குப் பூங்கோதை மணையில் வந்து உட்கார்ந்து இவனைப் பார்த்துச் சிரித்தாள். பெண்ணின் அப்பா வந்து கையைப் பிடித்து, எந்திரிங்க, நேரமாகிறது என்றார்.

“கொஞ்சம் இருங்க. மாப்பிள்ளை வந்துரட்டும், ஒருதடவை பாத்துட்டு வந்துர்றேன்” என்றான் குழந்தைவேலு.

வாசலில் காவல் நின்ற நாகமுத்து அப்போது மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தான்.

“மாமா, அந்த வெள்ளைக் காரு வாசல்லதான் நிக்குது. பானெட்டைத் தொட்டுப் பாத்தேன், இன்னும் சூடு ஆறலை. ஆளு உள்ளதான் எங்கயோ உக்காந்திருக்கான்.”