பத்தொன்பதாம் அத்தியாயத்துச் சிரிப்பு

“சாவு நடக்கிற பக்கத்தை வாசிக்கிறேன், சிரிக்கிறாங்க அம்மா. இவங்களுக்கு எப்படி நாவல் நடத்துறது?”

மாசிலாமணி அந்தக் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளராகச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் துறைத்தலைவர் செலின். பத்து வருஷத்துக்கு முன் இதே நாவலை இதே கட்டடத்தில் அவனுக்கு நடத்தியவர்.

செலின் டிபன் பாக்ஸைத் திறந்தார். புளியோதரை.

“யாரு சிரிச்சது?”

“இசக்கியம்மாள்னு ஒரு பொண்ணு. கடைசி பெஞ்சு. அவ ஆரம்பிச்சா, வகுப்பே சிரிச்சுது. வெளியே போன்னு சொல்லிட்டேன். இன்னைக்கு அவ வகுப்புக்கே வரல.”

“எந்த இடம்?”

“பத்தொன்பதாம் அத்தியாயம். வடிவு குடை பிடிக்கிறது.”

நாவல் எண்பது வருஷம் பழையது. அதில் வடிவின் கணவர், ரயில்வே குமாஸ்தா, இறந்துபோகிறார். பாடையைத் தெருவில் வைத்திருக்கிறார்கள். தூறல் விழுகிறது. வடிவு உள்ளே ஓடிப்போய்க் குடையை எடுத்து வந்து அவர் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு பேசுகிறாள்.

“வாசி, கேட்போம்.”

மாசிலாமணி எழுந்து நின்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். இரங்கல் கூட்டத்தில் பேசுகிறவனைப் போல நிறுத்தி நிறுத்தி வாசித்தான்.

செலின் ஒரு வாய் சாப்பிட்டார்.

“வடிவு யாரோட பேசுறா?”

“பிணத்தோட.”

“இல்லையே” என்றார் செலின். “புருஷனோட.”

கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார்.

“‘படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டீங்களா? தலையில ஒரு சொட்டு விழுந்தா ஒரு மாசம் இருமுவீங்க. அப்புறம் சுக்குக் கஷாயம் வை, வெந்நீர் போடுன்னு என் உயிரை எடுப்பீங்க. பேசாமப் படுங்க!’”

முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளின் எரிச்சல் அப்படியே வந்து விழுந்தது.

மாசிலாமணி சிரித்துவிட்டான். உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

செலின் நிமிர்ந்து பார்த்தார். புத்தகத்தை மூடி அவன் கையில் கொடுத்தார்.

“வெளியே போ” என்றார்.

*

இசக்கியம்மாள் கேன்டீன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் டீ கிளாஸை அவசரமாகக் கீழே வைத்தாள்.

“மன்னிச்சிருங்க ஐயா. எங்க அப்பாவை எங்கம்மா இப்படித்தான் ஏசுவா. அதான் சிரிப்பு வந்துட்டு.”

மாசிலாமணி அந்த கிளாஸை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

“டீயைக் குடி” என்றான். “நாளைக்கு நீ வாசி.”

மறுநாள் அவள் வகுப்புக்கு முன்னால் வந்து நின்று வாசித்தாள். சுக்குக் கஷாயம் வந்ததும் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மாசிலாமணியும் மேஜையைத் தட்டிச் சிரித்தான். இந்த நான்கு மாதத்தில் அவன் அந்த அறையில் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இசக்கியம்மாள் சிரிப்போடு பக்கத்தைப் புரட்டினாள்.

பாடையைத் தூக்குகிறார்கள். ‘இந்தக் குடையையும் கொண்டுபோங்களேன்’ என்று நீட்டுகிறாள் வடிவு. யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

சிரிப்பு ஒரு மூலையில் நின்றது. பிறகு இன்னொரு மூலையில்.

இசக்கியம்மாள் அடுத்த வரியைத் தொடங்கினாள். முடியவில்லை.

“ஐயா, மிச்சத்தை நீங்க படிங்க.”

மாசிலாமணி புத்தகத்தை வாங்கினான்.

அவனுக்கும் எழுத்து தெரியவில்லை.