பதினாலாம் பாடம் வரைக்கும்

மில்லில் ராக்காவல் பார்க்கும் இருளப்பனுக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று: முழித்திருப்பது. இருபத்திரண்டு வருஷமாக அதைச் செய்து செய்து, பகலிலும் தூக்கம் வராத அளவுக்குத் தேர்ந்துவிட்டார்.

போன வருஷம் மகள் செண்பகத்தைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர் கேட்டார். “காவல் வேலை, சரி. வேற கைத்தொழில் ஏதாச்சும் தெரியுமா?”

“முழிச்சிருக்கத் தெரியும்.”

காப்பி ஆறுவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். அடுத்து வந்தவர்களிடமும் இருளப்பன் இதையே சொன்னார். காப்பி மிச்சமானது. இப்போது மூன்றாவதாக, அதே மில்லில் பகல் ஷிப்ட் பார்க்கும் வடக்கூர் மாப்பிள்ளை வீட்டார் இன்னும் நாலு வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தகவல்.

“இந்தத் தடவையும் அதையே சொன்னீங்கன்னா, நான் பையைத் தூக்கிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்” என்றாள் மனைவி பேச்சியம்மாள்.

திங்கட்கிழமை காலை, தூக்கம் வராமல் தெருத்தெருவாக நடந்தவர் ஊரணிக்கரையில் கிளை நூலகத்தைக் கண்டார். பள்ளிக்கூடத்து நாளில் மின்விசிறிக் காற்றுக்காக அங்கே ஒதுங்கியதுண்டு. முப்பத்தைந்து வருஷமாக அது அதே இடத்தில்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு இவர் அந்தப் பக்கம் ராத்திரியில் மட்டுமே போனதால், மூடிய கதவைப் பார்த்து, ரேஷன் கடையாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஒரு தட்டு நிறையத் தொழில் கற்றுத்தரும் புத்தகங்கள். முப்பது நாள், நாளுக்கு ஒரு பாடம். இருளப்பன் ஓடிப்போய்க் கூட்டாளிகள் சீனியப்பனையும் செபமாலையையும் எழுப்பிக் கூட்டிவந்தார். மூவரும் ஒரே ஷிப்ட்; அறிவிலும் ஒருவருக்கொருவர் மயிரிழை கூடக் குறைந்தவர்களில்லை.

இருளப்பன் சமையல் எடுத்தார். செண்பகத்துக்கு ரவிக்கை தைத்துத் தருவதாகச் செபமாலை தையல் எடுத்தார். சீனியப்பன் கார் ஓட்டும் புத்தகம் கேட்டார்.

“அதை இப்பத்தான் வடக்கூர்ப் பையன் ஒருத்தன் எடுத்துட்டுப் போனான்” என்றார் நூலகர் மங்கையர்க்கரசி. சீனியப்பன் குழாய் வேலையோடு திருப்திப்பட்டார். “பதினாலு நாள்ல திருப்பித் தரணும். வேணும்னா மறுபடி முத்திரை போட்டுத் தாரேன்.”

பாடம் தொடங்கியது. ‘ஒரு கண் எப்போதும் அடுப்பின் மேல் இருக்கட்டும்’ என்று போட்டிருந்ததால் இருளப்பன் இன்னொரு கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டார். ‘வெங்காயம் பொன்னிறமாகும்வரை வதக்கவும்’ என்ற இடத்தில் பேச்சியம்மாளின் தோட்டைக் கழற்றி வாங்கி, வாணலிக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“இன்னும் பித்தளைதான்” என்றார் சீனியப்பன்.

“இது தங்கத்தைத் தாண்டிருச்சேப்பா” என்றார் செபமாலை.

“தாண்டினா என்ன ஆகும்?”

“கரி.”

கரிதான் ஆனது. மூவரும் தோட்டை மட்டும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பதினாலு நாள் முடிந்ததும் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். நூலகர் புதுத் தேதியில் முத்திரை போட்டுக் கொடுத்தார். வாசலில் இறங்கியதும் பெரிய ஆலோசனை.

“இன்னைக்கு எத்தனாவது பாடம்?” என்றார் இருளப்பன்.

“பதினஞ்சு” என்றார் செபமாலை.

“அது பழைய முத்திரைக்கு” என்றார் சீனியப்பன். “மில்லுல என்னை நிரந்தரமாக்காம ஏழு தடவை வேலைக் கார்டை மாத்திட்டாங்க. கார்டுல தேதி மாறினா நாள் மறுபடி ஒண்ணுல இருந்துதானே? இருபது வருஷமா நான் புது ஆளு.”

மூவரும் முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வரும் அந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் தடவையாகப் பதினாலாம் நாள். தையலில் பதினாலாம் பாடம் இடது கை. செபமாலை இரண்டு தடவை படித்ததால் ரவிக்கையில் இரண்டு கையும் இடது கையாக இருந்தன. அப்பா முகத்தைப் பார்த்த செண்பகம் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டாள். வலது கை பஸ்ஸை மறிக்கிற மாதிரி உயர்ந்தே நின்றது. சீனியப்பன் குழாயைக் கழற்றிவிட்டு, ஓட்டைக்குள் கட்டைவிரலைக் கொடுத்தபடி காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். மாட்டுவது பதினைந்தாம் பாடம். இருளப்பன் ஒரு அண்டா பருப்பை வேகவைத்திருந்தார். புளியும் உப்பும் பதினைந்தாம் பாடம்.

ஊரணியைச் சுற்றி வேன் வந்தது. வீட்டு வாசலுக்கு வந்தது. போனது.

“வாங்க, வாங்க!” என்றார் இருளப்பன்.

“வந்துட்டோம்!” என்று மாப்பிள்ளையின் அப்பா ஜன்னல் வழியே கும்பிட்டுக்கொண்டே போனார்.

வேன் ஊரணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது.

“ஏன் நிக்க மாட்டேங்கிறீங்க? பொண்ணு பிடிக்கலையா?”

“பொண்ணு லட்சணமா இருக்கு! ஆனா நிறுத்துறது...”

மிச்சம் அடுத்த சுற்றில் வந்தது. “...பதினஞ்சாம் பாடம்! பையனுக்கு இன்னைக்குப் பதினாலுதான்! ரெண்டாந்தடவை முத்திரை போட்டது!”

ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்திருந்த மாப்பிள்ளை வெட்கத்தோடு தலையசைத்தார். இருளப்பனுக்கு உடம்பு புல்லரித்தது. உலகத்தில் தன்னைப் போல இன்னொரு குடும்பம்!

நாலாம் சுற்றில் அந்தக் கேள்வி வந்தது. “ஆமா, உங்களுக்கு என்ன தொழில் தெரியும்?”

பேச்சியம்மாள் பையைக் கையில் எடுத்தாள். இருளப்பன் உப்பில்லாத பருப்பைப் பார்த்தார். சீனியப்பனின் கட்டைவிரலைப் பார்த்தார். மகளின் உயர்ந்த கையைப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. வேன் திரும்பி வந்ததும் கத்திவிட்டார்.

“முழிச்சிருக்கத் தெரியும்!”

வேன் ஊரணிப் பக்கம் திரும்பிப் போனது. பேச்சியம்மாள் படியிறங்கினாள். இருளப்பனுக்கு அந்த ஒரு சுற்று இருபத்திரண்டு வருஷத்தைவிட நீளமாக இருந்தது.

“அந்த ஆளைத்தாங்க தேடிக்கிட்டிருந்தோம்!” என்றபடி வந்தது வேன். “விடிஞ்சாத்தானே அடுத்த பாடம்? விடிஞ்சுருச்சுன்னு சரியாச் சொல்ல முழிச்சிருக்கிற ஆளு வேணும், சம்பந்தி!”

பேச்சியம்மாள் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

ஏழாம் சுற்றில் வெற்றிலைத் தட்டு வேனுக்குள் போனது. எட்டாம் சுற்றில் அவர்கள் தட்டு வெளியே வந்தது. சம்பந்தம் முடிந்தது. பருப்பைத் தூக்குச்சட்டியில் நீட்டினார்கள். டீசல் தீர்ந்து நடுத்தெருவில் வண்டி நின்றுவிட்டால் அபசகுனம் என்று செபமாலை விடிய விடியக் கூடவே ஓடி ஓடி டீசல் ஊற்றினார்.

கிழக்கு வெளுத்ததும் இருளப்பன் விசிலை ஊதினார். வாழ்நாளில் அவ்வளவு கம்பீரமாக அவர் ஊதியதில்லை. “மாப்பிள்ளை! பதினஞ்சாம் நாள் பொறந்துருச்சு! பாடத்தைப் பிரிங்க!”

மாப்பிள்ளை புத்தகத்தைப் பிரித்தார். முதல் பக்கத்து முத்திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அடுத்த சுற்றில் புத்தகம் ஜன்னல் வழியே பறந்துவந்து இருளப்பன் நெஞ்சில் விழுந்தது.

“மாமா! தவணை நேத்தோட முடிஞ்சிருச்சு! இனிமே நான் படிச்சாத் தப்பு! நூலகம் திறந்ததும் முத்திரை போட்டு வாங்கி வைங்க, ஒண்ணாம் பாடத்துல இருந்து ஆரம்பிச்சிடுறேன்!”

மாமா என்று கேட்டதும் இருளப்பனுக்குக் கண் கலங்கியது. “நேர்மையான புள்ள” என்று பேச்சியம்மாளிடம் சொன்னார். பிறகு ஒண்ணாம் பாடத்தைப் புரட்டினார். ‘நின்றுகொண்டிருக்கும் வண்டியில் ஏறி அமரவும்’ என்று இருந்தது.

“கொஞ்சம் கஷ்டமான பாடம்தான்” என்று சொல்லிவிட்டு, நூலகம் திறக்கும்வரை முழித்திருந்தார்.