குனியாதவர் போட்ட கண்ணாடி

மூக்குக்கண்ணாடிக்கு ஃபிரேம் செய்யும் பட்டறை ஒன்று. முதலாளி மாசிலாமணி. மூலையில், தரையில் உட்கார்ந்து காதில் மாட்டும் கம்பிகளைத் தேய்க்கிறவன் செவந்தியப்பன். அவனோடு பேச்சுக் கொடுக்க அங்கே ஆள் கிடையாது, கம்பிகளோடுதான் சகவாசம். அந்தச் சகவாசத்தில், காதை இறுக்காமலும் நழுவாமலும் தலைக்குத் தக்கபடி வளைந்து கொடுக்கும் கம்பி ஒன்றைச் செய்துவிட்டான்.

சரக்கெடுக்க வந்த வியாபாரிகள் அதை ஆசையாகத் தடவிப் பார்த்தார்கள். முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

“என் கம்பி விறைப்பாத்தான் இருக்கும். நானே அதைத்தான் போட்டிருக்கேன், ஒரு நாளும் நழுவினதில்லை. நழுவும்னா இப்பவே காட்டு, இல்லேன்னா நாளையிலேருந்து வராதே. என் கண்ணாடி மேல மட்டும் உன் கை படக்கூடாது.”

செவந்தியப்பன் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏதோ முணுமுணுத்தான்.

“என்னடா?”

மறுபடியும் முணுமுணுப்பு. முதலாளி எரிச்சலோடு குனிந்து காதைக் கொடுத்தார். கண்ணாடி நழுவி அவன் மடியில் விழுந்தது.

“இதைத்தான் சொன்னேன் மொதலாளி. இதுவரைக்கும் நீங்க குனிஞ்சதில்லை. அதான் நழுவல.”

வியாபாரிகள் சிரித்துக்கொண்டே வளையும் கம்பியைத்தான் கேட்டார்கள். முதலாளியும் அதையே மாட்டிக்கொண்டார். இப்போது எவ்வளவு குனிந்தாலும் கண்ணாடி விழாது. செவந்தியப்பனிடம் குனிந்து கேட்கத்தான் அவருக்கு அப்புறம் எதுவும் இருக்கவில்லை. அவன் பழையபடி கம்பிகளோடு பேசிக்கொண்டிருந்தான்.