ஆட்டு முத்திரை ரதமும் உப்பு வண்டியும்

அன்று வேங்கைபுரத்துச் சபையில் இருந்தவர்கள் இவர்கள்: ராஜா மகுடேசுவரர். ராணி செங்கமலவல்லி. வரி மந்திரி அருமைநாயகம். வேலை என்று எதுவும் இல்லாமல் வாய்க்காகவே சம்பளம் வாங்கும் சாத்தப்பன். ராணியின் பிறந்த நாடான கோடைமலையிலிருந்து வந்திருந்த தூதன். வாசலில் இரண்டு காவலர்கள். நின்றபடியே தூங்கத் தெரிந்த சாமரக்காரி. ஆக எட்டுப் பேர். நடுவில் ஒரு கூடை. அதில் முப்பது அதிரசம். ராணியின் அம்மா சுட்டு, தூதன் கையில் கொடுத்தனுப்பியது.

கூடையில் மூன்றில் ஒரு பங்கு காலியான நேரத்தில் ஒன்பதாவது ஆள் உள்ளே வந்தாள். உப்பு விற்கும் முத்திருளாயி. கையில் இரண்டு மாட்டுமணி. மாடுகள் இல்லை.

"சாமி, என் மாட்ட அவுத்துக்கிட்டுப் போயிட்டாங்க! சாயந்தரம் ஏலமாம்! மாடு போனா நான் எப்படிப் பொழைப்பேன்?"

"ஏன் அவிழ்த்தார்கள்?" என்றார் ராஜா.

"வண்டி வரியாம் சாமி. நான் ஊரைவிட்டுப் போயி நாலு வருசமாச்சு. ஆத்துக்கு அக்கரையில தாழைநாட்டுல இருக்கேன். வரியை அங்க கட்டிட்டுத்தான் இருக்கேன். இங்கயும் கட்டுன்னா?"

மந்திரி தொண்டையைச் செருமினார். "மகாராஜா, இவள் வண்டியின் நுகத்தடியில் நம் வேங்கை முத்திரை சூடு போட்டிருக்கிறது. முத்திரை உள்ளவரை வரி நமக்கு."

"அந்த முத்திரையை அழிங்கன்னுதான் வந்தேன்!"

"அழிக்க வேண்டுமானால் வண்டி நேரில் வர வேண்டும். அது சட்டம்."

"அதான் வந்துட்டேனே!"

"வந்தாய் அல்லவா? பாக்கி உள்ள வண்டி எல்லைக்குள் வந்தால் மாட்டைப் பிடிக்க வேண்டும். அதுவும் சட்டம்."

"வராம இருந்திருந்தா?"

"முத்திரை அழிந்திருக்காது. பாக்கி ஏறியிருக்கும்." மந்திரி இன்னொரு அதிரசம் எடுத்துக்கொண்டார். அது அவருக்கு ஐந்தாவது.

சாத்தப்பன் அன்று வாயைத் திறப்பதில்லை என்று காலையில் முடிவு செய்திருந்தான். முந்தின வாரம்தான் ராஜா, "உனக்கு நாக்கு நீளம்" என்று எரிந்து விழுந்திருந்தார். ஆனால் முத்திருளாயி கையில் அந்த மணிகள் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தத்தில் அவனால் சும்மா உட்கார முடியவில்லை. எழுந்தான்.

"மந்திரி சொல்வது முழுக்க நியாயம்" என்றான்.

"நீயுமா? நல்லா இருப்பே!" என்றாள் முத்திருளாயி.

"பொறு, அக்கா. மந்திரியாரே, ஒரு சந்தேகம். வேறு நாட்டு முத்திரை போட்ட வண்டி நம் ஊரில் திரிந்தால் என்ன செய்வீர்கள்?"

"அதே நியாயம்தான். மாடோ குதிரையோ அவிழ்த்து வைத்துக்கொண்டு அந்த நாட்டுக்கு ஆள் அனுப்புவேன். நாம் செய்தால்தானே அவர்களும் நமக்குச் செய்வார்கள்?"

"வண்டிக்காரர் பெரிய இடமாக இருந்தால்?"

ராஜா வாய் நிறைய அதிரசத்தோடு கையை வீசினார். "பெரியவன் சின்னவன் எல்லாம் என் ஆட்சியில் கிடையாது!"

"நல்லது. அப்படி ஒரு வண்டி இப்போது அரண்மனை வாசலிலேயே நிற்கிறது."

மந்திரி துள்ளி எழுந்தார். "என் மூக்குக்குக் கீழேயா? என்ன திமிர்! காவலர்களே, அவிழ்த்து வாருங்கள்!"

காவலர்கள் ஓடினார்கள். இரண்டு வெள்ளைக் குதிரைகளோடு வந்தார்கள். ராஜாவுக்குப் புரை ஏறியது.

"அடேய்! அது என் ரதத்துக் குதிரைகள்!"

"தெரியும், மகாராஜா. உங்கள் கல்யாணத்தில் சீராக வந்த ரதம். பின்பலகையில் பட்டுத்துணி தொங்குகிறதே, அதற்கு அடியில் ஓர் ஆடு இருக்கிறது."

"எங்க ராஜா முத்திரைதான் அது" என்றான் தூதன். "கொம்பு கொஞ்சம் வளைஞ்சிருக்கும்."

ஆட்டோடு ஊர்வலம் போக வெட்கப்பட்டுத்தான் ராஜா துணி கட்டியிருந்தார். சுரண்டி எடுக்கவும் வழியில்லை. சீர் ரதத்தில் பெண்வீட்டு முத்திரையைச் சுரண்டினால் சம்பந்தி உறவே அறுந்தது என்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

"பதினோரு வருஷப் பாக்கி" என்றான் சாத்தப்பன். "குதிரைகளுக்குச் சாயந்தரம் ஏலம். இல்லையென்றால் மகாராஜா ரதத்தோடு கோடைமலைக்குப் போய், மாமனாரின் வரிச்சாவடியில் வரிசையில் நிற்கலாம். மாமியாரும் மாப்பிள்ளையைப் பார்த்த மாதிரி இருக்கும்."

ராஜாவின் முகம் வெளுத்தது. மாப்பிள்ளை எப்போது போனாலும், "இளைச்சுப் போயிட்டீங்களே" என்று மூன்று நாள் விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்துதான் அந்த அம்மாள் சோறே போடுவாள்.

ராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மாவுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

"வேண்டாம்!" ராஜா அலறினார். சாமரக்காரி விழித்துக்கொண்டாள். "மந்திரி! இனிமேல் முத்திரை கிடக்கட்டும். மாடு எந்த ஊரில் தீனி தின்கிறதோ, அந்த ஊருக்குத்தான் வரி. பழைய பாக்கியும் ரத்து. அவள் மாட்டை விடு!"

மந்திரி லேசில் விடுகிற ஆளா? நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "உத்தரவு, மகாராஜா. ஆனால் அந்த மாடுகள் காலையிலிருந்து நம் கொட்டிலில்தான் வைக்கோல் தின்கின்றன. ஆகவே புதுச் சட்டப்படியும் வரி நமக்கே!" என்றார்.

முத்திருளாயியின் கையில் மணிகள் மறுபடி கிணுகிணுத்தன.

சாத்தப்பன் கூடையை எட்டிப் பார்த்தான். "அப்படியானால் மந்திரியார் நம்மவரே இல்லை, மகாராஜா. காலையிலிருந்து ஐந்து கோடைமலை அதிரசம் தின்றிருக்கிறார். தூதரோடு இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். மகாராஜாவுக்கு என்று எடுத்துவைத்த விளக்கெண்ணெய் அங்கே வீணாகக் கிடக்கிறது."

ராஜா சிரித்த சிரிப்பில் குதிரைகள் மிரண்டன. மந்திரி தாமே கொட்டிலுக்கு ஓடி மாடுகளை ஓட்டிவந்தார். முத்திருளாயி மணிகளைக் கட்டிவிட்டுத்தான் கண்ணைத் துடைத்தாள்.

"சாத்தப்பா, என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா. அவன் கூடையைக் கேட்டான். அதில் பதினேழு அதிரசம் இருந்தது. பதினாறை முத்திருளாயியின் முந்தானையில் முடிந்துவிட்டு, கூடையை மந்திரியின் முன்னால் நகர்த்தினான்.

சபை கலையும்போதும் கூடையில் மீதி ஒன்று இருந்தது. மந்திரி அதைத் தொடவே இல்லை.