சேஃப் மோடில் வராத குரல்

குரு என்றால் தாடியும் காவியும் தேடுகிறவர்கள் பொள்ளாச்சிக்கு வர வேண்டாம். இந்தக் கதையின் குரு பூங்கோதைக்கு வயது முப்பத்துமூன்று. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். சீடர் சென்னியப்பனுக்கு அறுபத்தொன்று. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாமல் ஒரு வருடமாக அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருக்கிறார். சாதாரண நாளில் அவளை "அம்முணி" என்பார். தப்புச் செய்துவிட்டால் "குருவே" என்பார்.

ஒரு நாள் காலையில் வேலாத்தாள் வீட்டிலிருந்து ஃபோன் வந்தது. கம்ப்யூட்டர் எழவே மாட்டேன் என்கிறதாம். இருவரும் கிளம்பிப் போனார்கள்.

வேலாத்தாளின் கணவர் அருணகிரி ரேக்ளா மாட்டு வண்டிப் பந்தயங்களுக்கு மைக் பிடித்து வர்ணனை சொன்னவர். போன வருடம் தொண்டையில் புற்று வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் பத்து நாள் உட்கார்ந்து, இனிமேல் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்காகப் பத்துக் கதைகளைப் பேசிப் பதிந்து வைத்தார். மகளுக்கு இப்போது ஒன்பதாம் மாதம். அந்தக் கதைகள் இந்தக் கம்ப்யூட்டரைத் தவிர வேறெங்கும் இல்லை.

சென்னியப்பன்தான் முதலில் உட்கார்ந்தார். பட்டனை அழுத்தினார். வட்டம் சுற்றியது, திரை கறுத்தது. மறுபடி வட்டம், மறுபடி கறுப்பு.

"ஃபார்மட் போட்டாத்தானுங்க சரியாகும்," என்றார். "உள்ள இருக்கறது பூராவும் அழிஞ்சிரும். ஆனா மெஷினு புதுசாட்டம் ஆயிரும்."

வேலாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அருணகிரி ஏதோ கேட்க வாயைத் திறந்தார். உதடு மட்டும் அசைந்தது.

பூங்கோதை சீடரை ஒரு பார்வை பார்த்தாள். "கொஞ்சம் நகருங்க, ஐயா."

அவள் பட்டனை அழுத்தினாள். வட்டம் சுற்ற ஆரம்பித்ததும் அதே பட்டனை விடாமல் பிடித்து அணைத்தாள். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறையும் அப்படியே.

சென்னியப்பன் பதறிப்போனார். "ஐயோ அம்முணி! நோவாளிய எழுப்பி எழுப்பிக் கழுத்தப் புடிக்கறாப்பல..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். பக்கத்தில் யார் நிற்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"மூணு தடவ எழ முடியாமப் போனாத்தாங்க, 'என்னால முடியல'ன்னு அது ஒத்துக்கும்," என்றாள் பூங்கோதை.

நான்காவது முறை நீலத் திரை வந்தது. என்ன செய்யலாம் என்று அதுவே ஒரு பட்டியலைக் காட்டியது. அவள் உள்ளே உள்ளே போய் நான்காம் எண்ணை அழுத்தினாள்.

கம்ப்யூட்டர் எழுந்தது. எழுந்த கோலத்தைப் பார்த்து எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. மகள் கல்யாணப் படம் இருந்த இடத்தில் வெறும் கறுப்பு. நான்கு மூலையிலும் 'சேஃப் மோட்' என்ற எழுத்து. மற்ற எல்லாம் பெருத்து, வீங்கி, அடையாளமே தெரியவில்லை.

"எல்லாம் போயிருச்சா கண்ணு?" என்றார் வேலாத்தாள்.

"இல்லீங்கம்மா. உசுரோட இருக்க என்ன வேணுமோ, அத மட்டும் கூட்டிட்டு எந்திரிச்சிருக்குது."

கதைகள் இருந்த ஃபோல்டரைத் திறந்தாள். பத்தும் வரிசையாக இருந்தன.

"ஒண்ணப் போடு சாமி. காதுல கேட்டாத்தான் என்ற மனசு ஆறும்."

போட்டாள். சத்தமே இல்லை. ஒலிக் கருவி எதுவும் இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது.

"பேச்சு போயிருச்சே! அவரு பேச்சு போயிருச்சே!" வேலாத்தாள் வாய்விட்டு அழுதார். அருணகிரியின் கை தன்னையறியாமல் கழுத்துத் துண்டுக்குப் போனது.

பூங்கோதை அருணகிரியைப் பார்த்துத்தான் பேசினாள். "போகலீங்க மாமா. பேச்சு உள்ளதான் இருக்குது. இந்த மோடுல அதை இன்னும் கூப்பிடல, அவ்வளவுதான்."

பத்துக் கதைகளையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைக் கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டார்.

சீடருக்கு இப்போது கோபம் வந்தது. "எவன் பண்ணுன வேலை இது? மருமகப் பையன் வந்தப்ப எதையாச்சும் இறக்கியிருப்பான். இல்லாட்டி வைரஸு."

"ஒரு வீட்டுல ஃபியூஸ் போயிட்டே இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க, ஐயா?"

"எல்லாச் சுவிட்சையும் அணைச்சுப்போட்டு மெயினப் போடுவேன். அப்பறம் ஒவ்வொண்ணாப் போடுவேன். எதுல போகுதோ அதுதான் கள்ளன்."

"அதையே பண்ணுங்க."

பண்ணினார். கம்ப்யூட்டர் எழும்போது கூடவே எழும் புரோகிராம்கள் எல்லாவற்றையும் நிறுத்தினார். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் அணைத்துப் போட்டார். பிரிண்டர் வந்தது, கம்ப்யூட்டர் எழுந்தது. மருமகன் போட்ட கேமரா வந்தது, அப்போதும் எழுந்தது. சென்னியப்பனுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆன்டிவைரஸ் வந்தது, எழுந்தது. கீழே இன்னொரு ஆன்டிவைரஸ் இருந்தது. அதைச் சேர்த்தார்.

வட்டம் சுற்றியது. திரை கறுத்தது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. போன மாதம் தூசி தட்ட வந்தபோது யாரும் கேட்காமலேயே அதை ஏற்றியவர் அவரேதான். ஒரு காவலுக்கு ரெண்டு காவல் இருக்கட்டுமே என்று, அன்பாக.

"குருவே," என்றார் மெதுவாக. "இது நான் வெச்சது."

"தெரியுமுங்க. ரெண்டு காவல்காரனும் ஒருத்தன ஒருத்தன் திருடன்னு புடிச்சுட்டு நிக்கறாங்க. ஊட்டுக்காரங்க எந்திரிக்க முடியல."

மறுபடியும் சேஃப் மோடுக்குப் போய் அதைக் கழற்றினார். அடுத்த முறை கல்யாணப் படத்தோடு கம்ப்யூட்டர் எழுந்தது. பூங்கோதை முதல் கதையைப் போட்டாள்.

"என்ற தங்கமே! நான் உன்ற தாத்தன் பேசறேன்..."

நூறு மாட்டு வண்டிகளை விரட்டிய குரல் அந்தச் சின்ன வீட்டை நிறைத்தது. அருணகிரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று தன் குரலைத் தானே கேட்டார். கண்ணில் தாரை தாரையாக நீர் வழிந்தது. கல் நெஞ்சுக்காரனாக இருந்தாலும் அங்கே நின்றிருந்தால் அழுதிருப்பான்.

வேலாத்தாள் சென்னியப்பனைப் பார்த்துக் கைகூப்பினார். "சாமியாட்டம் வந்தீங்கண்ணா. இனி ஒருக்கா இப்படி ஆகாம நாங்க சூதானமா இருக்கோணும். எதனாலயிங்கண்ணா இப்படி ஆச்சு?"

சென்னியப்பன் எழுந்தார். "இருங்க, இதா வர்றேன்," என்று பூங்கோதையை வெளியே கேட் வரைக்கும் கூட்டிப் போனார்.

"குருவே, வைரஸுன்னு சொல்லிப்போடலாம். நான் பண்ணுனதுன்னு தெரிஞ்சா இந்த ஊட்டுப் படிய நான் மிதிக்க முடியுமா? நாளைக்கு உங்க கடைப் பேரும் கெட்டுப்போயிரும். எல்லாருக்கும் ஒரு பாதுகாப்புக்குத்தான் சொல்றேன்."

உள்ளே கதை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பூங்கோதை கதை வந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"இது எத்தனாவது காவலுங்க, ஐயா?" என்றாள்.