மூடிய கைக்குள் ஒரு குதிரை

"எனக்குக் குதிரையே தெரியமாட்டேங்குது, டீச்சரம்மா."

அவள் பைனாகுலரின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கண் டாக்டர்கிட்ட காட்டினீங்களா அண்ணே?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. ரேஸ் ஆரம்பிச்சதும் தானா மூடிக்குது."

பந்தய மைதானத்தில் எல்லோரும் அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. தபால் ஆபீஸில் வேலை. ரேஸ் நாளென்றால் காலரியின் நடுப்படியில் வந்து உட்காருவாள். எந்தக் குதிரை வரும் என்று யாராவது கேட்டால், "ஓடினதெல்லாம் வரும்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. அதனாலேயே அவளைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருந்தார்கள்.

இன்று அவளிடம் வந்திருந்த உபேந்திரன் அவளைவிட மூத்தவன். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன்.

"முன்னாடியெல்லாம் கதவு திறந்து குதிரைங்க பாஞ்சா முதுகுல எறும்பு ஊரும், டீச்சரம்மா. வீட்டுக்குப் போய்ப் படுத்தா தலையணைக்குள்ள குளம்புச் சத்தம் கேட்கும். அதுக்காகத்தான் வந்தேன். இப்ப என் நம்பர் எங்க, என் ஜாக்கியோட தொப்பி எங்கன்னு தேடறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போகுது. தோத்தா எரியுது. ஜெயிச்சா, அடுத்த ரேஸை நினைச்சுப் பயமா இருக்கு."

"அப்ப வராதீங்க."

"அதைக் கேட்கத்தான் வந்தேன். இன்னிக்குக் கடைசி ரேஸ் இருக்கு. அதுலயும் இப்படியே இருந்தா இந்தப் பக்கமே திரும்ப மாட்டேன். பொண்ணு தலையில கை வெச்சு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

கீழ்ப்படியிலிருந்து ஜம்புலிங்கம் திரும்பினான். தோற்ற டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே பேசுவது அவன் வழக்கம்.

"டிக்கெட் வாங்காம சும்மா வேடிக்கை பாரேன்யா. யாரு வேணாங்கிறா?"

"பார்த்தேன். மாடு மேயறதைப் பார்க்கிற மாதிரி இருந்துச்சு."

ஜம்புலிங்கம் சிரித்தான். டீச்சரம்மா சிரிக்கவில்லை. ஆமாம் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினாள்.

எதிரே, வேலிக்கு அப்பால், கடைசி ரேஸுக்கான குதிரைகளைச் சுற்றி நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கறுப்புக் குதிரை வந்தபோது மட்டும் கூட்டம் மொத்தமாக வேலியில் சாய்ந்தது.

"பையில என்ன அண்ணே?"

உபேந்திரனின் கை சட்டைப் பையை மூடியது.

"வேனுக்கு டயர் மாத்த வெச்சிருக்கேன். முன்சக்கரம் ரெண்டும் வழுவழுன்னு ஆயிடுச்சு."

"நாளன்னைக்குப் பிள்ளைங்க ஏறுமே?"

"ஏறும்."

"எதுல போடப் போறீங்க?"

"கறுப்புல."

"முழுசையுமா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"கொஞ்சமா போட்டா எறும்பு ஊர மாட்டேங்குது, டீச்சரம்மா."

அவள் கையை நீட்டினாள்.

அவன் கொடுக்கவில்லை. மைதானத்தின் மணி ஒருமுறை அடித்தது. குதிரைகள் ஒவ்வொன்றாக ஓடுதளத்துக்குள் போயின. அவன் பையிலிருந்து எடுத்தான். கொடுத்தான்.

அவள் டிக்கெட் கவுண்ட்டருக்கு நடந்தாள். ஜம்புலிங்கம் எட்டிப் பார்க்கப் பின்னாலேயே ஓடினான். அவள் குடையை விரித்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவனுக்குத் தெரிந்தது குடை மட்டும்தான்.

திரும்பி வந்தபோது அவள் விரல்களுக்கிடையில் ஒரு டிக்கெட். நாலாக மடித்து, எட்டாக மடித்து, நகக்கண் அளவுக்கு ஆக்கியிருந்தாள். அதை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"கையை மூடுங்க. நான் சொல்ற வரைக்கும் பிரிக்கக் கூடாது."

"கறுப்புலதானே?"

அவள் உட்கார்ந்தாள்.

"எந்தக் குதிரைன்னு சொல்லுங்க டீச்சரம்மா."

அவள் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

"எவ்வளவுக்கு வாங்கினீங்கன்னாவது சொல்லுங்க. முழுசுக்குமா? அது டயர் காசும்மா!"

"அங்கே பாருங்க" என்றாள்.

ஜம்புலிங்கம் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டான்.

"யோவ், எதுலய்யா போட்டிருக்கா?"

"தெரியாது."

"என்கிட்டயேவா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது ஜம்பு."

"சொந்த டிக்கெட்டைத் தெரியாதுங்கிற ஒரே ஆளு நீதான்யா!"

கைக்குள் அந்தக் காகிதம் நனைந்துகொண்டிருந்தது. பிரித்துப் பார்த்துவிடலாம். கட்டை விரல் அசைந்தது. அதற்குள் தூரத்தில் கதவுகள் படாரென்று திறந்தன.

உபேந்திரன் கண்ணை மூடப் போனான்.

எதற்காக மூடுவது? எந்தத் தொப்பி முந்தினால் மூச்சு விடுவது, எது பிந்தினால் பயப்படுவது?

கறுப்பு முன்னால் போனது. அவன் நெஞ்சு அதோடு போனது. உள்பக்கமாக ஒரு சாம்பல் நிறக் குதிரை கறுப்பின் விலாவரைக்கும் வந்தது. அதுவாக இருந்தால்? நெஞ்சு அதற்குத் தாவியது. நடுவில் நாலைந்து குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுவதுபோல் நெருக்கிக்கொண்டு வந்தன. அதில் ஒன்றாக இருந்தால்? ஒரு ஜாக்கி ஒரு காலைச் சேண வளையத்திலிருந்து நழுவவிட்டு மறுபடி மாட்டினான். ஒரு குதிரையின் காது பின்னால் படுத்தது. குளம்புகளில் புல்லும் மண்ணும் பறந்தன. திருப்பத்தில் கடைசியில் வந்த செவலைக் குதிரை சட்டென்று முன்பக்கம் தாழ்ந்தது.

"ஐயோ!" என்று கத்தினான்.

"எங்கே?" என்றான் ஜம்புலிங்கம். அவன் கண் கறுப்பின்மேல் இருந்தது.

செவலை நிமிர்ந்தது. ஓடியது.

கடைசி நேர்கோட்டில் காலரி முழுக்க எழுந்து நின்றது. ஆளாளுக்கு ஒரு நம்பரைச் சொல்லிக் கத்தினார்கள். உபேந்திரனுக்குச் சொல்ல நம்பர் இல்லை. "வா, வா, வா" என்று மட்டும் கத்தினான். படிகளின் பலகை அதிர்ந்தது. அது பாதம் வழியாக ஏறி முதுகுக்கு வந்தது.

கறுப்பும் சாம்பலும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டின.

எது முந்தியது என்று போட்டோ பார்க்கிறார்கள் என ஒலிபெருக்கி சொன்னது. சத்தம் அப்படியே அறுந்தது. பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார்.

உபேந்திரனின் இரண்டு கையும் பழக்கத்தில் டிக்கெட்டைக் கிழிக்கச் சேர்ந்தன. நின்றன. தோற்றுவிட்டோமா என்று தெரியாமல் எப்படிக் கிழிப்பது?

அறிவிப்புப் பலகையில் நம்பர் விழுந்தது. சாம்பல்.

"போச்சுடா!" ஜம்புலிங்கம் தன் டிக்கெட்டைத் துண்டு துண்டாக்கித் தலைக்கு மேல் எறிந்தான். காலரி முழுக்கக் காகிதம் பறந்தது.

டீச்சரம்மா கைப்பையைத் திறந்து ரூபாய்க் கட்டை எடுத்தாள். உபேந்திரனின் சட்டைப் பையில் செருகினாள்.

"இருக்கிறதுலயே சின்ன டிக்கெட்தான் வாங்கினேன். டயரை மாத்துங்க."

அவன் படியில் உட்கார்ந்தான். கை தானாகப் பிடரியைத் தடவியது. மயிர் இன்னும் குத்திட்டு நின்றது.

"இப்பப் பிரிக்கலாம் அண்ணே."

அவன் அவளைப் பார்க்கவில்லை. குதிரைகள் நுரை தள்ளிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்த பக்கத்தையே பார்த்தான்.

"அந்தச் செவலை" என்றான்.

"எதுய்யா?"

"கடைசியா வந்தது. திருப்பத்துல முன்னங்கால் மடங்கிச்சு. விழல. அதோட ஓடி வந்துடுச்சு. இப்ப பாரு, காலை ஊன மாட்டேங்குது. மேல இருக்கிறவன் இன்னும் இறங்காம உட்கார்ந்திருக்கான்."

டீச்சரம்மா பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பினாள். வெகுநேரம் அதைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"நான் பார்க்கலையே" என்றாள்.

உபேந்திரன் எழுந்துவிட்டான். "யோவ், இறங்குய்யா! கால் போச்சுய்யா அதுக்கு!" என்று மைதானத்தைப் பார்த்துக் கத்தினான். காலரியின் இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

"ஜெயிச்ச குதிரையைக்கூட எவனும் இப்படிப் பார்க்க மாட்டான். உனக்கு ஏன்யா இந்தத் துடி துடிக்குது?" என்றான் ஜம்புலிங்கம். "அதுவா உன் குதிரை?"

உபேந்திரன் தன் மூடிய கையைப் பார்த்தான்.

"இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கையோடு படியிறங்கி வேலியைப் பார்த்து ஓடினான்.